புது பிரேக்குக்கு முப்பது முடிச்சு

அமாவாசை. மத்தியானச் சாப்பாடு ஆகி, தெருவே கண்ணயர்ந்திருந்த நேரம். நான் மட்டும் எண்ணெய்க் கேனும் கையுமாக எங்கள் காரின் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். முன் சக்கரத்தின் வட்டத் தகட்டை, அதை வீல் கப் என்பார்கள், தேங்காய்த் துருவியின் முனையால் நெம்பிக் கழற்றியாயிற்று. உள்ளே என் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. கேனின் நீள மூக்கை அதற்குள் விட்டு, அடித்தகட்டைக் கட்டை விரலால் நாலு அமுக்கு அமுக்கினேன். எண்ணெய் உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அந்த நிறைவு மறுநாள் காலை பத்து மணி வரைக்கும்தான்.

எதையும் முழுசாகக் கேட்காமல் கையை வைப்பது என் பிறவிக் குணம். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அந்தக் குணத்தால் ரசம் கெட்டிருக்கிறது, உறவு கெட்டிருக்கிறது. ஒரு மனுஷனின் பிழைப்பே கெட இருந்தது அந்த ஒரு தடவைதான். அதைத்தான் இந்த வாரம் ஒத்துக்கொள்ளப் போகிறேன்.

பிளசர்

இதுவரை தறியையும் நூலையும் பற்றியே எழுதிவந்தவளுக்குக் கார் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தயாளன் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் தறியில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். பதினெட்டு வயசில் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு டிரைவர் ஆனார். நான் முள்ளிப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தபோது, வீட்டில் தறி சும்மா கிடந்தது. அதில் நான் உட்கார்ந்தேன். நான் நெய்ய, அவர் ஓட்ட, குடும்பம் நடந்தது.

எழுபதுகளின் பாதியில் வேலூர் டாக்டர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி, வாடகைக்கு விட ஆரம்பித்தார். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் கார் என்று சொல்வதில்லை, பிளசர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிளசர், பிரசவத்துக்குப் பிளசர், பட்டு வியாபாரிகள் காஞ்சிபுரம் போகப் பிளசர். தெருவில் எங்கள் வீட்டுக்கே பிளசர் வீடு என்று பேர் வந்துவிட்டது.

அவர் ஓட்டுவதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. மடியில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு போளூர் வரை போனாலும் ஒரு சொட்டு தளும்பாது என்பார்கள். ஒரு தலைப்பிரசவக்காரியை வலியோடு ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி வழியில் அந்தப் பெண் தூங்கிவிட்டாளாம். அவள் அம்மா திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். அவர் காதில் விழட்டும் என்று நான் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வைக்கோல் போர்

பிறகு ஒரு தை மாசம் அது நடந்தது.

பிரேக் தேய்ந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முகூர்த்த நாட்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்தன. இந்தக் கல்யாணம் முடியட்டும், அந்தக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். சேத்துப்பட்டிலிருந்து பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வரும்போது, வழியில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். கதிரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நாலைந்து பேர் குனிந்து நின்றிருந்தார்கள். இவர் பிரேக்கை மிதித்தார். கால் தரை வரை போனது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, ஓரத்திலிருந்த வைக்கோல் போரில் கொண்டுபோய்ச் சொருகினார்.

யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. பெண்ணின் தாய்மாமனுக்குக் கை உடைந்தது. கல்யாண வீட்டார் நல்லவர்கள், போலீஸ், கேஸ் என்று போகவில்லை. "வைக்கோல் போர் இல்லன்னா புளியமரம், சரோஜா" என்று அன்று சாயங்காலம் இவர் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசாவிட்டால் என்ன, கால் பேசியது. கார் இரண்டு மாசம் சும்மா நின்றது. அந்த நாட்களில் தெரிந்த ஒருவருக்காக ஒரு வேனை ஓட்டிக்கொண்டு போனார். கூடப் போன நான் பார்த்தேன். ஒரு பர்லாங் தூரத்தில் நாய் போனால் இங்கே பிரேக்கை அழுத்துகிறார். காகம் உட்கார்ந்திருந்தால் அழுத்துகிறார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். காபி டம்ளர் தளும்பாமல் ஓட்டிய மனுஷனா இவர் என்று இருந்தது எனக்கு.

கத்தினா கத்தட்டும்

மெக்கானிக் கரீம் பாய்க்குப் போளூர் ரோட்டில் ஷெட். பாதி உருது, பாதி தமிழ், கொஞ்சம் தெலுங்கு என்று கலந்து பேசுவார். எங்கள் காருக்கு நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் வைத்தார். செருப்புக்கு அடித்தோல் வைப்பதுபோல, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளில் பட்டையாக ஒன்றை வைத்து ரிவிட் அடிப்பார்கள், அதுதான் லைனிங். பிரேக்கை மிதித்தால் அது சுழலுகிற டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும்.

கடைசிச் சரிபார்ப்பை எங்கள் வாசலிலேயே செய்தார். வீல் கப்பைக் கழற்றி, உள்ளே இருந்த ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகினார். நான் நிலைப்படியில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டு பார்த்தேன்.

"கேளு தயாளா. லைனிங்கு புதுசு, டிரம்மு பழசு. ரெண்டும் இன்னும் மூஞ்சி பாத்துக்கல. முதல்ல மெதுவா உரசிப் பழகணும். மீட்டர்ல முப்பது வரைக்கும் போ. மெதுவா மிதி, பத்துக்குக் கொண்டாந்துடு. நிறுத்தாதே, வுட்டுடு. கொஞ்ச தூரம் ஓட்டு, காத்து வாங்கட்டும். மறுபடி மிதி. இந்த மாதிரி முப்பது வாட்டி. ஜல்தி ஜல்தியா அமுத்தினேன்னு வை, லைனிங்கு கருகி வழவழன்னு பூடும், அப்பால பிடிக்காது. சூட்டோட நிறுத்தி, மிதிச்சிகினும் நிக்காதே."

"சரி பாய்."

"முதல்ல கத்தும். கத்தினா கத்தட்டும். யாரும் கைய வெக்காதீங்க."

இதெல்லாம் இப்போது நான் எழுதுகிறேனே, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நூல் அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்டுத் தலை நிமிர்ந்தபோது என் காதில் விழுந்தது "முதல்ல கத்தும்" என்பது மட்டும்தான். மிச்சம் ஆம்பளைகள் பேச்சு, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

கத்தத்தான் செய்தது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே கீ என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு ராணி அக்கா தறியிலிருந்து எழுந்து வந்து, "இன்னாடி, உன் பிளசரு பிரசவ வலி கண்ட மாதிரி கத்துது" என்றாள். தெருவே சிரித்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. புது பிரேக்கைப் பழக்கப் போன மனுஷன், ஒரு சுற்று போவதற்குள் திரும்பிவந்து காரை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள்தான் அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்குத் தறியைப் பெருக்கி, துடைத்து, மேலே இருந்து பூவேலை எடுத்துக்கொடுக்கும் ஜக்காட் பெட்டியிலிருந்து கீழே மிதிகட்டை வரை எண்ணெய் விடுவோம். அந்தப் பெட்டியில் எண்ணெய் விடுவதற்கென்றே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். எது சத்தம் போட்டாலும் எங்கள் தொழிலில் மருந்து ஒன்றுதான். கீச்சென்றால் எண்ணெய்.

தறிக்கு விட்டு முடித்தேன். கேனில் எண்ணெய் மீதி இருந்தது. வாசலில் கார் நின்றது. கரீம் பாய் ஸ்குரூ டிரைவர் விட்ட ஓட்டை எனக்குத் தெரியும்.

வலது பக்கம் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்துக்கும் விட்டேன். இடது பக்கம் சாக்கடையையும் சுவரையும் ஒட்டி நின்றதால் குந்த இடமில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீல் கப்பை அடித்து மாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சத்தம் நின்றதும் அவரே ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். புத்திசாலி பெண்டாட்டி இல்லையா நான்.

சாவி தறிக்கு வந்தது

மறுநாள் காலை அவர் தனியாகத்தான் காரை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் திரும்பினார். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. நான் ராணி அக்காவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன்.

பத்து மணிக்கு நடை வேகத்தில் கார் வந்தது. இடது பக்கம் முழுக்கச் சேறு, முன்னால் புளியங்கொப்பு ஒன்று சிக்கியிருந்தது. அவர் இறங்கி, நேராக உள்ளே வந்து, தறிக் காலில் நான் கத்தரி மாட்டும் ஆணியில் கார் சாவியை மாட்டினார்.

"இன்னா ஆச்சி?" என்றேன்.

"இனிமே என் காலு ஆவாது."

"இன்னாங்க சொல்றீங்க?"

"மெதுவாத்தான் மிதிச்சேன். இடது பக்கமா இழுத்துகினு போயி பள்ளத்துல எறங்கிடுச்சி. பிரேக்கு புதுசு. பாய் கை வெச்சா தப்பு வராது. அப்ப கோளாறு யாருது? பயந்த காலு, சரோஜா. எப்பிடி மிதிக்கணும்னே அதுக்கு மறந்துபோச்சி." பிறகு, "வேலூர் தரகருக்கு பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழம ஆளைக் கூட்டிகினு வருவாரு. வித்துடலாம்" என்றார்.

எனக்கு அந்த 'இடது பக்கம்' என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் காதில் ஏறவில்லை. தறியில் ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளர்த்திவிட்டால் சேலை எந்தப் பக்கம் கோணும் என்று எனக்குத் தெரியாதா. வெளியே போய்ப் பார்த்தேன். வலது சக்கரத்தின் டயரில் எண்ணெய் கோடாக வழிந்து, அதில் புழுதி ஒட்டியிருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பயம் ஒரு பக்கம். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். விற்றால்தான் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. கார் போனால் ரோடு இல்லை, புளியமரம் இல்லை, ராத்திரி வரவில்லையே என்று நான் வாசலைப் பார்க்க வேண்டாம். மனுஷன் பத்திரமாக வீட்டில் இருப்பார். என் தப்பும் காரோடு போய்விடும்.

வீட்டில் இருந்தார்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அந்தக் காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தார், நடக்க முடியாதவர் செய்வதுபோல. நான் தறியிலிருந்து அதைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

எந்தப் பக்கம்?

புதன்கிழமை மத்தியானம் சோறு போட்டேன். அவர் இரண்டாவது கவளத்தை எடுக்கும்போது ஆரம்பித்தேன்.

"இன்னாங்க."

"இன்னா?"

"அமாவாசைக்குத் தறிக்கு எண்ணெ வுட்டேன் இல்ல."

"ஆமா."

"அப்பிடியே காருக்கும் வுட்டேன்."

"காருக்கு எங்க?"

"வீல் கப்புக்குள்ள. பாய் ஸ்குரூ டிரைவர் வுட்டாரே, அந்த ஓட்டையில. கீச்சு கீச்சுன்னு கத்திச்சே, அதான்."

கவளம் கையிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அறை விழும் என்று நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் என்னை அடித்தவர் இல்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"வலது பக்கம். ரெண்டு சக்கரத்துக்கும். இடது பக்கம் சாக்கடை, குந்த முடியல."

சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். கை கூடக் கழுவாமல் வெளியே ஓடினார். நான் பின்னாலேயே போனேன். வலது முன் சக்கரத்தருகே தரையில் படுத்து, இடது கை விரலை உள்ளே விட்டுத் தடவி முகர்ந்து பார்த்தார்.

"மிஷின் எண்ணெ" என்றார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வைக்கோல் போருக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி. என் காலு இல்லையாடி. உன் கையாடி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் செத்துப் பிழைத்துச் சொன்னேன், இந்த மனுஷன் சிரிக்கிறாரே என்று. "திட்டறதுன்னா திட்டுங்க, சும்மா சிரிச்சி மானத்த வாங்காதீங்க" என்று நானும் தெருவிலேயே கத்தினேன். ராணி அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று உள்ளே போனாள்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "சரி, பள்ளத்துல எறங்கினது என் காலு இல்ல. அதுக்கு முன்ன காக்காவுக்கெல்லாம் மிதிச்சது என் காலுதானே. பிரேக்கு சரியாவும். காலு சரியாவணுமே. வெள்ளிக்கிழம வர்றவன் வரட்டும், பாக்கலாம்" என்றார்.

சாவி ஆணியிலேயே தொங்கியது.

கரீம் பாய் வியாழக்கிழமை வந்தார். டிரம்மைக் கழற்றினார். எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்த கட்டையை என் முன்னால் நீட்டினார். "இன்னா தங்கச்சி, பிரேக்குக்குத் தலை முழுக்காட்டினியா?" என்றார். "நல்லா பேஜார் பண்ணிட்டியேம்மா. உரசித்தான் இது வண்டிய நிறுத்துது. எண்ணெ வுட்டா எப்பிடி உரசும்?"

ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழகினதும் ஆகாது என்று, நாலு சக்கரத்துக்கும் மறுபடி புது லைனிங் வைத்தார். டிரம்களைப் பெட்ரோலால் துடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நான் இந்த முறை பக்கத்திலேயே குந்தி எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன்.

"எதுக்கு பாய் முப்பது வாட்டி?"

"புதுசா பாவு ஏத்தினா முதல் முழம் எப்பிடி நெய்வே?"

"மெதுவாத் தட்டி நெய்வேன். நூலு இழுபட்டு ஒரு நிலைக்கு வரணுமே."

"அவ்ளோதான். இதுவும் ஒரு நிலைக்கு வரணும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நீயும் வண்டியில ஏறு. இவன் எண்ணிகினு ஓட்ட மாட்டான். நீ எண்ணு."

மிதி, விடு

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் நான்தான். அவர் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

என் கையில் ஒரு முழம் பட்டு நூல் இருந்தது, தறியில் அறுந்து விழுந்த நூல். நெசவில் எண்ணிக்கை தப்பக் கூடாது என்றால் நாங்கள் நூலில் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். ஒரு பிரேக்குக்கு ஒரு முடிச்சு என்று வைத்துக்கொண்டேன்.

சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு மைல் கல்லிலிருந்து செங்கல் சூளை வரை நேரான ரோடு. போக வேண்டியது, திரும்ப வேண்டியது. மீட்டரில் முப்பது வந்ததும் அவர் பிரேக்கை மிதித்தார். நான் போய் முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன்.

"இன்னா இது, தேள மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க" என்றேன்.

"வர மாட்டேங்குது சரோஜா."

அவர் நெற்றி வேர்த்திருந்தது. எதிரே ஒன்றுமே இல்லை, காலி ரோடு. அப்படியும் கால் நடுங்குகிறது. அடுத்த தடவையும் அப்படியே. போகிற போக்கில் லைனிங்கைக் கருக்கிவிடுவார் என்று எனக்குப் பதைத்தது.

மிதிப்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிதிகட்டையை மிதிக்கிறவள் நான். படாரென்று மிதித்தால் நூல் அறும். காலை வைத்து, பாரத்தை மெல்ல இறக்க வேண்டும்.

"ரோட்ட நீங்க பாருங்க. கால நான் பாத்துக்கறேன்" என்றேன். "நான் சொல்றப்ப வைங்க, நான் சொல்றப்ப எடுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சொல்லு" என்றார்.

"வைங்க. எறக்குங்க. இன்னும் எறக்குங்க. போதும். வுடுங்க."

கார் தலையைக் கவிழ்க்காமல் மெல்ல வேகம் குறைந்தது. நான் முடிச்சுப் போட்டேன். மறுபடி முப்பது. வைங்க, எறக்குங்க, வுடுங்க. இன்னொரு முடிச்சு. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் சொன்னதை அந்த மனுஷன் அடுத்தடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கே அது புதுசாக இருந்தது.

ஒரு தொந்தரவை மட்டும் கரீம் பாய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிளசர் வேகம் குறைந்தால், ஆள் ஏற்றத்தான் குறைகிறது என்று அர்த்தம். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். நாங்களோ நிற்கக் கூடாது. பக்கத்தில் வந்து கதவில் கை வைக்கும்போது, நான் "வுடுங்க" என்பேன், கார் ஓடிவிடும்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் காரோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். "நிக்கறதுன்னா நில்லுயா, போறதுன்னா போயா. இன்னா வெளையாடிகினு கீற?" என்றார். இவர் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன செய்வது, பிரேக் பழகுகிறது என்று ரோட்டோரத்தில் யாருக்கு விளக்குவது.

கத்திரிக்காய்க் கூடையோடு நின்ற ஒரு அம்மாதான் பாவம். ஆரணி மார்க்கெட்டுக்குப் போக நிற்கிறார். ஒவ்வொரு தடவை நாங்கள் திரும்பி வரும்போதும் சரியாக அவர் பக்கத்தில்தான் வேகம் குறைகிறது. முதல் தடவை கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டாம் தடவை திட்டினார். மூன்றாம் தடவை ஒரு கத்திரிக்காய் பறந்து வந்து டிக்கியில் அடித்தது.

நடு ரோட்டில்

இருபத்தைந்து முடிச்சு ஆகியிருந்தது. கடைசி நாலைந்து தடவையாக நான் வாயைத் திறக்கவில்லை, அவரே வைத்தார், இறக்கினார், விட்டார். நான் எண்ண மட்டும் செய்தேன். சத்தமும் தேய்ந்து போயிருந்தது.

சூளையிலிருந்து திரும்பி வருகிறோம். மீட்டரில் முப்பதுக்கு மேலேயே இருக்கும். புளியமரத்து நிழலிலிருந்து கத்திரிக்காய் அம்மா இறங்கி நேராக நடு ரோட்டுக்கு வந்தார். கூடையைத் தன் முன்னால் இறக்கி வைத்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வாய் வரவில்லை. வைங்க என்று சொல்லக் கூட வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வைக்கோல் போர்தான் ஞாபகத்துக்கு வந்தது, இங்கே அது கூட இல்லையே என்று.

கார் இழுக்கவில்லை, கத்தவில்லை. என் உடம்பு முன்னால் கொஞ்சம் சாய்ந்து, மறுபடி சீட்டில் படிந்தது. கண்ணைத் திறந்தேன். பம்பருக்கும் கூடைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. கார் ரோட்டின் நடுவில், கோடு போட்டதுபோல் நேராக நின்றிருந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நின்னுச்சி" என்றார்.

"நின்னுச்சிங்க" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

கத்திரிக்காய் அம்மா ஜன்னலருகே வந்துவிட்டார். "மூணு வாட்டி வந்தே, மூணு வாட்டி ஓடினே. இப்ப என் மேல ஏத்திகினு போ, பாக்கலாம்" என்று ஆரம்பித்தவர், எங்கள் இருவரையும் பார்த்து நிறுத்தினார். "இன்னா அழுவறீங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் நல்லா கீறோம்" என்றார் இவர். "ஏறுங்க, மார்க்கெட்டுல எறக்கி வுடறேன்."

"இப்பவாச்சும் போவுமா, இல்ல எறக்கி வுட்டுட்டு ஓடிப்பூடுவியா?" என்று கேட்டுக்கொண்டே கூடையைப் பின் சீட்டில் ஏற்றினார் அந்த அம்மா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபத்தாறாவது முடிச்சைப் போட்டேன். முழுசாக நின்றதை எண்ணலாமா கூடாதா என்று கரீம் பாய் சொல்லவில்லை. நானே எண்ணிக்கொண்டேன்.

ஆரணியைப் பார்த்து ஓட்டினார். வழியில் இன்னும் இரண்டு முடிச்சு ஆயிற்று. அவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்து ஓட்டி எத்தனை நாளாயிற்று என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊர் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அதன் முன்னால் வேலூர் தரகர் நின்றிருந்தார், பக்கத்தில் தங்க நிறத்தில் வாட்ச் கட்டிய ஒரு ஆள். வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், நாங்கள் சேத்துப்பட்டு ரோட்டில் போயிருக்கிறோம் என்று ராணி அக்கா கையைக் காட்டியிருக்கிறாள். எங்கள் காரைக் கண்டதும் தரகர் கையைத் தூக்கினார். வாங்க வந்தவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் காலை வைத்தார். மெல்ல இறக்கினார். கார் நடை வேகத்துக்கு வந்தது. நிற்கப் போகிறாரா, சாவியைக் கொடுக்கப் போகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். தரகர் சிரித்துக்கொண்டே கதவில் கை வைத்தார்.

"மன்னிச்சிக்கோங்க தரகரே" என்றார் இவர். "புது பிரேக்கு, பழகிகினு கீது. சூட்டோட நிறுத்தக் கூடாதாம்."

"அப்ப எப்ப நிறுத்துவே தயாளா?" என்று தரகர் காரோடு நடந்துகொண்டே கேட்டார்.

"அது இனிமே நிக்காது தரகரே. வர்ற மாசம் முகூர்த்தம் ஜாஸ்தி."

பின் சீட்டிலிருந்து கத்திரிக்காய் அம்மா தலையை வெளியே நீட்டினார். "இவங்க அப்பிடித்தான்யா. நடு ரோட்டுல வந்து நின்னாத்தான் நிப்பாங்க" என்றார்.

கார் வேகம் எடுத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தரகர் டீக்கடை ஓரத்திலேயே நின்றிருந்தார், நடு ரோட்டுக்கு வரவில்லை. நான் இருபத்தொன்பதாவது முடிச்சைப் போட்டேன்.